நூறு ரூபாய்ச் சொத்து முதல் மூன்று லட்ச வருமானம் வரை: உரிமையியல் வழக்கில் சட்ட உதவிக்கான தகுதி, காங்கேயம் வட்டாரத்தை முன்வைத்து

காங்கேயத்தைச் சுற்றியுள்ள மேட்டுக்காட்டு ஊர்களில் கோர்ட்டுக்குப் போகும் தகராறுகள் அநேகமாக நிலத்தை விட்டு விலகுவதில்லை. வண்டித்தடத்தை மறித்துக் கம்பி போட்டது, கூட்டுக் கிணற்றில் யார் எந்த நாளில் மோட்டார் ஓட்டுவது, கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலி நாலடி நகர்ந்தது, அப்பன் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது போன்றவை. இதில் தோற்றவர் யாரும் சிறைக்குப் போவதில்லை. அதனாலேயே இத்தகைய வழக்குகளுக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துத் தரும் எண்ணம் இந்தியச் சட்டத்தில் தாமதமாக வந்தது. குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசு வக்கீல் தர வேண்டும் என்பதை 1978இல் ஹோஸ்காட் வழக்கிலும் 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவோடு இணைத்துவிட்டது. பாகப்பிரிவினைக்கும் வண்டித்தடத்துக்கும் அப்படியொரு பிடிமானம் கிடைக்கவில்லை. அங்கே இருப்பது சட்டம் எழுதிவைத்த தகுதிப் பட்டியல் மட்டுமே.

அந்தப் பட்டியலின் வரலாற்றைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது. முதலில் சொத்தை எண்ணினார்கள், பிறகு வருமானத்தைப் பார்த்தார்கள், கடைசியில் சிலரிடம் ஏழ்மைக்கு ஆதாரம் கேட்பதையே நிறுத்தினார்கள். வருமான வரம்பு உயர்ந்ததைத்தான் செய்திகள் பெரிதாகச் சொல்கின்றன. என் பார்வையில் பெரிய திருப்பம் ஆதாரம் கேட்பதை நிறுத்தியதுதான். ஆனால் பழைய வாசலை யாரும் அடைக்கவில்லை. அதனால் இன்றும் ஒரே ஆள் ஒரு மேசையில் தகுதியுள்ளவராகவும் அடுத்த மேசையில் தகுதியற்றவராகவும் நிற்க நேர்கிறது.

பாப்பர் மனுவின் காலம்

இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி காலத்தில், 1495இல், ஏழை வழக்காடிக்குக் கட்டணம் இல்லாமல் வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டம் வந்தது. அவருக்குக் கூலி வாங்காத வக்கீலை நியமிக்கவும் அதில் இடம் இருந்தது. அதே மரபு 1859ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது பாதி வழியில் ஒன்று உதிர்ந்துபோனது. கோர்ட் கட்டண விலக்கு வந்து சேர்ந்தது, வக்கீல் வரவில்லை. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் கட்டளையும் அதையே தொடர்ந்தது. இன்றும் வக்கீல் குமாஸ்தாக்கள் ‘பாப்பர் ஓ.பி.’ என்று சொல்வது இந்தக் கட்டளையின் கீழ் போடும் மனுவைத்தான்.

1908ஆம் ஆண்டு வாசகப்படி யார் ஏழை? பிராதுக்கு உரிய கட்டணத்தைக் கட்ட வசதியில்லாதவர். கட்டணம் எதுவும் விதிக்கப்படாத வழக்கானால், உடுத்தும் துணியும் வழக்குச் சொத்தும் போக நூறு ரூபாய் பெறுமான சொத்துக்கூட இல்லாதவர். அப்போது தாராபுரம் தாலுகாவில் அடங்கியிருந்த காங்கேயம் பகுதியில் இதைப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் உடனே தெரியும். மானாவாரிச் சம்சாரி ஒருவரிடம் ரொக்கம் இல்லாமல் இருக்கலாம். கட்டுத்தறியில் ஒரு ஜோடி காங்கேயம் காளை நிற்கும். அந்த ஜோடி இல்லாமல் ஏர் ஓடாது, வண்டி நகராது, கமலை இறைக்காது. ஆனால் சட்டம் கணக்கிலிருந்து விலக்கியது துணியைத்தான், காளையை அல்ல. காளையை விற்றால் கட்டணம் கட்டலாமே என்று எதிர்த்தரப்பு வாதாடுவதற்கு வாசகத்தில் தாராளமாக இடம் இருந்தது.

1976ஆம் ஆண்டுத் திருத்தம், 104ஆம் சட்டம், இந்த இடத்தைச் சரிசெய்தது. ஜப்தி செய்ய முடியாத சொத்து எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எழுதியது. ஜப்திக்கு விலக்கானவை எவை என்பதை 60ஆம் பிரிவு சொல்கிறது: விவசாயியின் ஏர்க் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட் கருதும் மாடு கன்று, விதைத் தானியம், அவர் குடியிருக்கும் வீடு. ஆக, காளை ஜோடி கணக்கிலிருந்து வெளியேற 68 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் மேட்டுக்காட்டில் டிராக்டர் நுழைந்துவிட்டது என்பது வேறு கதை.

இதே திருத்தம் நூறு ரூபாயை ஆயிரமாக்கியது. ‘ஆயிரம் ரூபாய்க்கு மேல் சொத்து இருந்தால் பாப்பர் மனு நிற்காது’ என்று கோர்ட் வளாகத்திலேயே சொல்லக் கேட்கலாம். வாசகம் அப்படி இல்லை. ஆயிரம் ரூபாய் வரம்பு, கட்டணம் விதிக்கப்படாத வழக்குக்கு மட்டுமே உரியது. அநேகமாக எல்லாப் பிராதுக்கும் கட்டணம் இருப்பதால், உண்மையான சோதனை முதல் பகுதிதான்: இந்த வழக்குக்கு உரிய இந்தத் தொகையைக் கட்ட இந்த ஆளால் முடியுமா? ஒரு லட்சம் கட்ட வேண்டிய வழக்கில் ஐம்பதாயிரம் கையில் இருப்பவரும் வசதியற்றவர் ஆகலாம். 2001இல் யூனியன் பாங்க் ஆஃப் இந்தியா எதிர் காதர் இன்டர்நேஷனல் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கில், கம்பெனிகூட இந்தக் கட்டளையின் கீழ் மனுப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆயிரம் ரூபாய் இன்றுவரை மாறாமல் சட்டப் புத்தகத்தில் கிடப்பதை நாடாளுமன்றத்தின் மறதி என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்ல?

மனு போட்டபின் நடப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மனுதாரர் தன் அசையும், அசையாச் சொத்துகளைப் பட்டியலிட வேண்டும். எதிர்த்தரப்புக்கும் அரசு வக்கீலுக்கும் குறைந்தது பத்து நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் போகும். கட்டணத்தை இழப்பது அரசு என்பதால் அரசும் ஒரு தரப்பு. தாசில்தார் வழியாக விசாரணை வி.ஏ.ஓ.விடம் வரும், சிட்டா, அடங்கல், வீட்டு வரி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் தகுதி பெறுவதற்காகச் சொத்தைக் கைமாற்றியிருந்தாலோ, வழக்குச் சொத்தில் பங்கு தருவதாக வேறொருவரிடம் உடன்படிக்கை செய்திருந்தாலோ மனு தள்ளுபடியாகும். வென்றாலும் கட்டணம் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. அதை அரசு பின்னர் வசூலிக்கும். வென்ற சொத்தின் மீதே அதற்கு முதல் பொறுப்பு உண்டு. விலக்கு என்று நாம் சொல்வது உண்மையில் தவணை.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. பிரதிவாதி பதிலுரைக்குக் கட்டணம் கட்டுவதில்லை. எனவே விலக்கு கொடுக்க அவருக்கு எதுவுமே இல்லை. வண்டித்தட வழக்கில் இழுக்கப்பட்ட ஏழைக்கு 1859ஆம் ஆண்டுச் சட்டமும் 1908ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்றும் தரவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது வக்கீல்.

வக்கீல் வந்த வழி

பம்பாயில் 1924இல் சட்ட உதவிச் சங்கம் ஒன்று தோன்றியது. அது தர்மகாரியமாகவே நடந்தது. இங்கிலாந்தில் ரஷ்கிளிஃப் குழுவின் 1945ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1949இல் சட்ட உதவிச் சட்டம் வந்தபோது, அதே ஆண்டில் பம்பாய் மாகாணம் நீதிபதி என்.எச். பகவதி தலைமையிலும், மேற்கு வங்கம் நீதிபதி டிரெவர் ஹாரிஸ் தலைமையிலும் குழு அமைத்தன. 1958இல் சட்ட ஆணையத்தின் 14ஆம் அறிக்கையும் வலியுறுத்தியது. பணம் யார் தருவது என்ற கேள்வியில் எல்லாம் நின்றன.

கொங்கு நாட்டுக்கு அக்கம்பக்கத்தில் முதலில் அசைந்தது பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத் துறையை வைத்திருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் காலத்தில் ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகள் அங்கே வந்தன. 1972இல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவுக்கும் அவரே தலைவர். 1973இல் அறிக்கை தந்தார். 42ஆம் அரசியல் சாசனத் திருத்தம் 39-ஏ பிரிவைச் சேர்த்தது 1976இல். நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். 33ஆம் கட்டளையில் 9-ஏ விதி நுழைந்தது: வசதியற்றவருக்கு வக்கீல் இல்லையென்றால் கோர்ட்டே ஒருவரை நியமிக்கலாம். 1495இல் இங்கிலாந்தில் இருந்த ஒன்று, ஏறத்தாழ 480 ஆண்டுகள் கழித்து இந்திய விதியில் எழுதப்பட்டது.

உச்ச நீதிமன்ற நீதிபதியான பிறகும் கிருஷ்ணய்யர் இந்த விஷயத்தை விடவில்லை. அரியானாவில் பஸ் மோதி இறந்தவரின் மனைவியும் மகளும் நஷ்டஈட்டு மனுவுக்குக் கட்டணம் கட்ட முடியாமல் பாப்பர் வழியை நாடினார்கள். விபத்துத் தீர்ப்பாயத்தில் அந்தக் கட்டளை செல்லாது என்று மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் மல்லுக்கட்டியது. 1979இல், தர்ஷனா தேவி வழக்கில், அவர் அந்த அரசைக் கடிந்துகொண்டு மேல்முறையீட்டைத் தள்ளினார். கோவை–திருச்சி சாலையின் மேல் உட்கார்ந்திருக்கும் காங்கேயத்துக்கு விபத்து நஷ்டஈடு அந்நியமான விஷயமல்ல.

பன்னிரண்டாம் பிரிவு

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் எட்டு ஆண்டுகள் தூங்கி, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 12ஆம் பிரிவுதான் இன்றைய தகுதியின் அடித்தளம். வாதி, பிரதிவாதி என்ற வேறுபாடு அதில் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமை வேலைக்கோ ஆளானவர்கள், பேரிடராலும் சாதி வன்கொடுமையாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. இவற்றுள் எதிலும் வராதவருக்கு மட்டும் வருமான வரம்பு. சட்டத்தில் முதலில் எழுதிய தொகை ஆண்டுக்கு 9,000 ரூபாய். அதை உயர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு. தமிழ்நாட்டில் வரம்பு இப்போது 3 லட்சம். உச்ச நீதிமன்ற வழக்குக்கு 5 லட்சம்.

இந்தப் பட்டியலைக் காங்கேயத்தின் மீது விரித்துப் பார்த்தால் விநோதமான படம் கிடைக்கும். தேங்காய்க் களத்தில் பருப்பு உலர்த்தும் பெண் தகுதியுள்ளவர். அந்தக் களத்தின் முதலாளியம்மாவும் தகுதியுள்ளவர். எண்ணெய் ஆலைத் தொழிலாளி, தொழிலாளி என்ற வகையில் வந்துவிடுவார். சொந்தமாக நாலு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ஆண், வறட்சி ஆண்டு அல்லாத காலத்தில், வருமானத்தைக் காட்டித்தான் வர வேண்டும். பணக்காரப் பெண்ணுக்கு எதற்கு இலவச வக்கீல் என்ற குறை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. நியாயம் போலத் தெரியும் இந்தக் குறைக்குப் பதில், கொங்குப் பாகப்பிரிவினை வழக்கிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளையும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளி ஆக்கியது. அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உரிமை காகிதத்தில் முழுமை பெற்றுவிட்டது. ஊரிலோ, ‘சீர் செனத்தி எல்லாஞ் செஞ்சாச்சு, இன்னும் என்ன பங்கு?’ என்ற கேள்வியும், சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துக் கேட்டு நீட்டப்படும் விடுதலைப் பத்திரமும் அப்படியே நிற்கின்றன. அண்ணன் தம்பி மீது வழக்குப் போட நினைக்கும் பெண்ணுக்குப் புகுந்த வீட்டு நிலம் பத்து ஏக்கர் இருந்தாலும், அந்த வழக்குக்காக அவர் கையில் பணம் புரளும் என்று சொல்ல முடியாது. குடும்பத்தின் வருமானத்தை வைத்து அவரை அளந்திருந்தால் சட்டம் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும். பெண் என்ற ஒரே காரணத்தால் தகுதி தந்த விதி, அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது.

இதே பெண் இரண்டாம் மேசைக்கு, அதாவது கோர்ட் கட்டண மேசைக்கு, போகும்போது பழைய சட்டம் எதிர்ப்படுகிறது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம், 1955இன் 37ஆம் பிரிவு பாகப்பிரிவினை வழக்கை இரண்டாகப் பிரிக்கிறது. சொத்து கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் நிலையான சிறு தொகை. அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் என்றால் தன் பங்கின் சந்தை மதிப்பில் விழுக்காட்டுக் கட்டணம். 2017க்கு முன் அது 7.5 விழுக்காடு, இப்போது 3. பங்கு 40 லட்சம் பெறும் என்றால் அன்று 3 லட்சம், இன்று 1 லட்சத்து 20 ஆயிரம். இலவசச் சட்ட உதவி என்பதில் கோர்ட் கட்டணமும் அடங்கும் என்றே விதிகள் சொல்கின்றன. ஆனாலும் இத்தனை பெரிய தொகை என்றால் பாப்பர் மனுவே கைக்கு எட்டும் வழியாக எஞ்சுகிறது. பாப்பர் மனுவில் கேள்வி மறுபடியும் சொத்து.

அங்கே எண்ணப்படுவது எது? வழக்கில் இருக்கும் நிலம் எண்ணப்படாது. 60ஆம் பிரிவுப்படி, மத வழக்கத்தால் ஒரு பெண் கழற்ற முடியாத அணிகள் ஜப்திக்கு விலக்கு. எனவே தாலிக்கொடி எண்ணப்படாது. கல்யாணத்தில் போட்ட வளையலும் ஆரமும் எண்ணப்படும். பங்குக்கு ஈடாகச் சீர் கொடுத்துவிட்டோம் என்று அண்ணன் எந்த நகையைக் காட்டுகிறாரோ, அதே நகையைக் காட்டி, அதை விற்றுக் கட்டணம் கட்டட்டும் என்றும் அவரே வாதாடலாம். 12ஆம் பிரிவு எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதோ, அதை 33ஆம் கட்டளை கேட்கிறது. இரண்டு சட்டங்களையும் ஒன்றாக வைத்துப் படிக்காதவரை இந்த முரண் கண்ணில் படாது.

மேசைக்கு முன்னால்

காங்கேயம் 2009 பிப்ரவரியில் ஈரோடு மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. சட்டப் பணிகள் அமைப்பும் அந்த எல்லையைப் பின்பற்றியே நிற்கிறது: மாவட்ட அளவில் முதன்மை மாவட்ட நீதிபதி தலைமையில் ஆணைக்குழு, வட்ட அளவில் அங்குள்ள மூத்த நீதித்துறை அலுவலர் தலைமையில் வட்டச் சட்டப் பணிகள் குழு. மனு எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். சட்டத் தன்னார்வலர் எழுதிக்கொள்வார். 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி முடிவை ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. நியமிக்கப்படும் வக்கீல் கட்சிக்காரரிடம் கூலி வாங்கக் கூடாது.

வண்டித்தட வழக்கில் சம்மன் வந்த ஒரு மானாவாரி விவசாயியை எடுத்துக்கொள்வோம். ‘நெலம் எத்தன ஏக்கருங்க?’ என்று கேட்டால், ‘நாலு ஏக்கருங்க. போன வருசம் வெதச்ச சோளம் மாட்டுக்குத் தட்டாத்தானுங்க ஆச்சு’ என்பார். ஏக்கரைக் கேட்டதே இங்கே தேவையில்லாத கேள்வி. நாலு ஏக்கரின் விலை பல லட்சம் இருக்கலாம். 12ஆம் பிரிவு நில மதிப்பைக் கேட்கவில்லை, ஆண்டு வருமானத்தை மட்டுமே கேட்கிறது. அதற்கும் 13ஆம் பிரிவுப்படி அவர் தரும் உறுதிமொழிப் பத்திரம் போதும், நம்பாமலிருக்க ஆணைக்குழுவுக்குக் காரணம் இருந்தாலொழிய. வருமானச் சான்று வாங்கி வா என்று அவரை இ-சேவை மையத்துக்கு அனுப்பினால், சட்டம் கேட்காத ஒன்றை அலுவலகம் கேட்கிறது என்று அர்த்தம்.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கில் விஷயம் இருக்கிறதா? எல்லா வகையினருக்கும் பொதுவான நிபந்தனை இதுதான். பெண்ணோ பட்டியல் சாதியினரோ, வருமானக் கேள்வியைத் தாண்டி வந்தவரும் இந்த இடத்தில் நின்றாக வேண்டும். வண்டித்தட வழக்கில் இதற்கு எஃப்.எம்.பி. என்னும் புல அளவை வரைபடமும் பழைய கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையும் பார்க்க வேண்டும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்யும் அலுவலகமே நல்ல அலுவலகம். தகுதி பற்றிய விவாதங்கள் வருமானத்தையே சுற்றுவதால், வழக்கின் தகுதியை யார், எப்படி எடைபோடுகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் கண்ணில் போதிய அளவு படவில்லை.

தகராறை ஊர்ப் பெரியவர்களிடம் தீர்த்துக்கொள்ளும் வழி இதற்கெல்லாம் முந்தியது. காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் 1960களில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், கொங்கின் சமூகத்தை நாடு, கிராமம் முதலான அடுக்குகளாகத் தன் 1972ஆம் ஆண்டு நூலில் விவரித்தார். பழையகோட்டை, கடையூர் போன்ற பட்டக்காரர் மரபுகள் இந்த வட்டாரத்திலேயே இருப்பவை. பெரியவர்கள் கூடும் சபையில் பேச்சுக்குக் கட்டணமில்லை. ஆனால் அந்தச் சபையில் யார் உட்காரலாம், யார் நின்றே பேச வேண்டும் என்பது முன்பே முடிவானது. 12ஆம் பிரிவின் பட்டியலில் பட்டியல் சாதியினரும் பெண்களும் முன்னால் நிற்பதை இந்தப் பின்னணியில் படிப்பது பொருத்தம்.

தனி ஆளுக்கு அளந்த சட்டை

தகுதி தனி ஆளுக்கு உரியது. நொய்யல் ஆற்று விவகாரம் அந்த அளவுக்குள் அடங்கவில்லை. திருப்பூர்ச் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறுகளும் வயல்களும் கெட்டபோது பாதிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகத் திரண்டு உயர் நீதிமன்றம் போனார்கள். சூழல் இழப்பீட்டு ஆணையம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் நஷ்டஈடு நிர்ணயித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் சாயப்பட்டறைச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 12ஆம் பிரிவில் ‘தொழிற்சாலைப் பேரிடர்’ என்ற வகை இருக்கிறது. போபால் போல ஒரே இரவில் நடந்ததற்கு அது தயங்காமல் பொருந்தும். பத்து இருபது ஆண்டுகளாகக் கிணற்றுக்குள் ஊறிய உப்பு அதில் வருமா? வரும் என்றுதான் நான் வாசிப்பேன், ஏனென்றால் அந்த உட்பிரிவின் அடிப்படை, தன் தவறின்றி வறுமைக்கு ஆளாவது. அந்தக் கோணத்தில் சட்ட உதவி கேட்டு வழக்கு நடத்த வேண்டிய நிலை வராமல் போனதற்குக் காரணம், ஆயக்கட்டுதாரர்கள் தாங்களே திரண்டுகொண்டதுதான்.

தனி ஆளை அளக்கும் முறையிலும் ஒரு குறை உண்டு. இங்கிலாந்தில் சட்ட உதவி தொடக்கத்திலிருந்தே படிப்படியானது: வருமானமும் சேமிப்பும் ஒரு அளவைத் தாண்டினால் உதவி முழுதாக நிற்காது, வழக்காடி ஒரு பங்கைக் கட்டுவார். அங்கே அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டம், 2013 ஏப்ரல் முதல், குடும்ப வழக்குகள் உள்ளிட்ட உரிமையியல் வகைகள் பலவற்றை உதவியின் எல்லையிலிருந்தே தூக்கிவிட்டது. நம் சட்டம் நேர்மாறு. வழக்கு வகையில் தாராளம். ஆளை எடைபோடுவதில் உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்தான். காங்கேயத்தில் விசைத்தறி நாலு வைத்து ஆண்டுக்கு 2 லட்சத்து 95 ஆயிரம் சம்பாதிப்பவருக்கு வக்கீல், ஆணையர் கட்டணம், நகல் செலவு எல்லாம் அரசுடையது. பக்கத்துத் தறிக்காரர் 3 லட்சத்து 10 ஆயிரம் காட்டினால் ஒரு பைசா கிடையாது. பாதி நீ கட்டு, பாதியை நான் தருகிறேன் என்று சொல்லும் விதி 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அந்தத் தறிக்காரர் வக்கீல் குமாஸ்தாவிடம் ஐயாயிரத்தைக் கொடுத்து, மீதியை வாய்தாவுக்கு வாய்தா தருவதாகச் சொல்லித்தான் வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறார்.